முகச் சுருக்கமும் மருத்துவத் தகுதியும்: ஒரு வரலாற்று நோக்கு

நரையும் திரையும் மூப்பின் அடையாளங்கள் என்பது எல்லா நாகரிகங்களும் அறிந்த உண்மை. அவற்றை மறைக்கவோ அகற்றவோ மனிதன் செய்த முயற்சியும் மிகப் பழைமை வாய்ந்தது. கி.மு. 1600ஆம் ஆண்டளவில் எகிப்திலே எழுதப்பெற்று, இன்று எட்வின் ஸ்மித் பப்பிரசுச் சுவடி என வழங்கும் ஏடு, பெரும்பாலும் காயங்களையும் எலும்பு முறிவுகளையும் பற்றிய 48 நோய்நிலைகளை ஒழுங்குபட ஆராயும் மருத்துவ நூலாகும். அச்சுவடியின் மறுபக்கத்திலே கிழவனை இளைஞனாக்கும் பூச்சு மருந்தொன்றின் செய்முறையும் காணப்படுகின்றது. ஆராய்ந்தறிந்த மருத்துவம் ஒரு பக்கத்திலும் ஆசை காட்டும் மருந்து மறுபக்கத்திலுமாக அமைந்த இவ்வேட்டின் நிலையே பிற்கால வரலாற்றிலும் பலமுறை திரும்பி வந்தது எனலாம்.

சத்திரசிகிச்சையின்றி முகச் சுருக்கத்தைப் போக்கும் முறைகள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளிலே எவ்வாறு வளர்ந்தன என்பதையும், அவற்றைச் செய்யத் தகுதியுடையவர் யார் என்ற வினா எவ்வாறு எழுந்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இத்துறையில் ‘தகுதி’ என்னும் சொல்லின் பொருள் தொடக்கத்திலேயே தெளிவு பெற்றிருக்கவில்லை. தீங்குகள் நிகழ்ந்த பின்னரே அது சிறிது சிறிதாக விரிந்தது.

முதலில் வந்தது இரசாயனப் பொருள்களால் தோலின் மேற்படையை உரிக்கும் முறையாகும். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த தோல் வைத்திய நிபுணர் பவுல் ஊனா, 1882ஆம் ஆண்டில் சலிசிலிக் அமிலம், பினோல் முதலியன தோலில் விளைக்கும் மாற்றங்களை விவரித்தார். ஆயின், இவ்வறிவு மருத்துவர்களின் கையில் மட்டும் நிற்கவில்லை. 1920களிலும் 1930களிலும் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, திரைப்படத் தொழிலின் நிழலில், மருத்துவப் பயிற்சி பெறாத பலர் பினோல் கலவைகளால் முகத்தோலை உரித்து வந்தனர். கலவையின் செய்முறையைத் தொழில் இரகசியமாகப் பேணினர். பினோல் தோலின் ஊடாகக் குருதியிற் கலந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கவல்லது. இரகசியம் காக்கப்பட்ட இடத்தில் இத்தகைய தீங்குகளை எவரும் கணக்கெடுக்க இயலவில்லை. 1961ஆம் ஆண்டில் மயாமி நகர மருத்துவர்களான பேக்கரும் கோர்டனும் தாம் கையாண்ட கலவையின் விவரத்தை வெளியிட்ட பின்னரே இம்முறை ஏனைய மருத்துவர்களின் சோதனைக்கும் விமர்சனத்துக்கும் உட்பட்டது. இன்று ஆழமான பினோல் சிகிச்சையின்போது நோயாளியின் இதயத் துடிப்பைக் கருவிகொண்டு கண்காணித்தல் இன்றியமையாததாகக் கொள்ளப்படுகின்றது.

இதனால், தீங்கெல்லாம் மருத்துவர் அல்லாதவராலேயே விளைந்தது என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. வியன்னா நகரின் றொபேட் கேர்சுனி தேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர். அவர் 1899ஆம் ஆண்டில் வசிலின் என்னும் பெற்றோலியப் பசையை ஊசிமூலம் உடலினுள் ஏற்றி, இழந்த உறுப்பின் வடிவை ஈடுசெய்தார். வெகு விரைவிலேயே பரபின் மெழுகும் சேர்ந்து, மூக்கின் பள்ளத்தையும் முகத்தின் சுருக்கத்தையும் நிரப்பும் முறையாக இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. தொடக்கத்திற் கிடைத்த பலன் வியக்கத்தக்கதாகவே இருந்தது. ஆயின் மாதங்களும் ஆண்டுகளும் கழிந்த பின்னர் மெழுகு இடம்பெயர்ந்தது. அதனைச் சுற்றிக் கடினமான கட்டிகள் தோன்றின. சில இடங்களிலே தோல் அழுகிப் புண்ணாயிற்று. அக்காலத்தில் பேரழகி எனப் புகழப்பெற்றவரும் பின்னர் மார்ல்பரோக் கோமகளாக விளங்கியவருமான கிளாடிஸ் டீக்கன், மூக்கில் ஏற்றிய மெழுகு கீழிறங்கியமையால் தம் முகப்பொலிவை இழந்தார். ஈண்டு குறைபட்டது மருத்துவரின் பட்டம் அன்று. ஏற்றப்பட்ட பொருள் உடலினுள் நெடுங்காலம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறியும்வரை பொறுத்திராமையே குறைபாடாகும்.

இப்பாடம் போதிய அளவு உணரப்படவில்லை என்பதற்குத் திரவச் சிலிக்கன் சான்றாகும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானிலும், தொடர்ந்து அமெரிக்காவிலும் அது உடலில் ஏற்றப்பட்டது. மெழுகு விளைத்த கட்டிகளும் இடப்பெயர்ச்சியும் மீண்டும் தோன்றின. 1970களின் நடுப்பகுதியில் நெவாடா மாநிலம் இதனைச் சட்டத்தால் தடுத்தது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, ஒளடத நிர்வாகம் பசுத்தோலிலிருந்து பெறப்பட்ட கொலாஜனுக்கு அனுமதி வழங்கியமை ஒரு திருப்புமுனை எனலாம். இதனை முகத்தில் ஏற்றுமுன் முன்கையிற் சிறிதளவு ஏற்றி, ஒவ்வாமை தோன்றுகின்றதா எனச் சில வாரங்கள் காத்திருக்கவேண்டும் என்பது விதியாயிற்று. காத்திருத்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்ற கருத்து இத்துறையிற் கால்கொண்டது இவ்வாறேயாகும்.

இவற்றினும் வியப்புக்குரியது பொற்றுலினம் நஞ்சின் வரலாறு. ஜேர்மனியின் வூற்றம்பேர்க் பகுதியில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கிய யுஸ்ரினுஸ் கேர்ணர், 1820ஆம், 1822ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களிலே, கெட்டுப்போன இறைச்சிக் குழலை உண்டோர் தசை செயலிழந்து இறத்தலை விரிவாக ஆராய்ந்தார். அந்நஞ்சை மிகச் சிறிய அளவில் மருந்தாகப் பயன்படுத்தலாம் என்ற கருத்தையும் அவரே முன்வைத்தார். 1895ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் எலெசெல் என்னும் ஊரில், மரணச் சடங்கொன்றிலே பன்றியிறைச்சி உண்ட இசைக்குழுவினருள் மூவர் இறந்தனர். அவ்விறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மென்கெம் நஞ்சுக்குக் காரணமான பற்றீரியாவை இனங்கண்டு 1897ஆம் ஆண்டில் அறிவித்தார்.

இந்நஞ்சு நரம்பின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கின்றது. அதனால் நரம்பின் கட்டளை தசையை எட்டுவதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் கண் வைத்திய நிபுணர் அலன் ஸ்கொட், இவ்வியல்பைக் கொண்டு மாறுகண்ணைக் கத்தியின்றித் திருத்த முற்பட்டார். குரங்குகளில் அவர் செய்த சோதனைகள் 1973ஆம் ஆண்டிலும், மனிதரிற் கண்ட முடிவுகள் 1980ஆம் ஆண்டிலும் வெளியாயின. மாறுகண்ணுக்கும், இமைகள் தம்மையறியாது இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இதற்கிடையே, கனடாவின் வன்கூவர் நகரிலே இமை நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்ணொருவர், ஊசி ஏற்றியபின் தம் நெற்றிச் சுருக்கமும் மறைவதைச் சுட்டிக்காட்டினார். அவருக்குச் சிகிச்சையளித்த கண் வைத்திய நிபுணர் ஜீன் கருதர்ஸ், தோல் வைத்திய நிபுணரான தம் கணவர் அலஸ்ரெயருடன் இதனை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். புருவங்களுக்கு இடையிலான சுருக்கத்துக்கு 2002ஆம் ஆண்டில் அமெரிக்க அனுமதி வழங்கப்பட்டது. பொட்டொக்ஸ் என்னும் வணிகப் பெயர் அதன்பின் உலகெங்கும் வழங்கலாயிற்று.

கேர்ணரின் கருத்துக்கும் இவ்வனுமதிக்கும் இடையே ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழிந்தன. அக்கால விரிவே அம்மருந்தின் பாதுகாப்புக்கு அடிப்படை. ஆயின் சந்தை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் புளோரிடாவிலே நால்வர் உடல் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்படும் நிலையை அடைந்தனர். மனிதருக்கு ஏற்றுவதற்கன்றி ஆய்வுகூடத் தேவைக்கென விற்கப்பட்ட செறிந்த நஞ்சு அவர்களுக்கு ஏற்றப்பட்டிருந்தது. ஏற்றியவர் மருத்துவப் பட்டம் பெற்றவரே. ஆயின் தொழில் புரியும் அனுமதி இடைநிறுத்தப்பட்டவர். பட்டம் என்பது ஒருமுறை பெறப்படுவது. அனுமதி என்பது தொடர்ந்து காக்கப்படவேண்டியது என்ற வேறுபாட்டை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2024ஆம் ஆண்டிலும் அமெரிக்காவின் 11 மாநிலங்களைச் சேர்ந்த 22 பேர், போலியானவை அல்லது முறையற்றுக் கையாளப்பட்டவை எனக் கருதப்பட்ட ஊசிகளால் நோயுற்றமை பதிவாயிற்று. அவர்களுட் பலர் வீடுகளிலும் அழகு நிலையங்களிலும், அனுமதியோ பயிற்சியோ அற்றவர்களிடம் ஊசி ஏற்றிக்கொண்டவர்கள்.

கொலாஜனின் இடத்தைப் பின்னர் ஹயலூரோனிக் அமிலம் பெற்றது. உடலில் இயல்பாகவே உள்ள இப்பொருள் தீங்கற்றது என்ற எண்ணம் எளிதில் தோன்றும். ஆயின் மூக்கின் அருகிலும் புருவ மத்தியிலும் உள்ள குருதிக் குழாய்கள் கண்ணுக்குக் குருதி செலுத்தும் நாடிகளோடு தொடர்புடையன. ஊசிமுனை தவறி அக்குழாய்களுட் பொருள் புகுமாயின் தோல் அழுகலாம், பார்வையும் இழக்கப்படலாம். இவ்வமிலத்தைக் கரைக்கவல்ல ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியம் உண்டு. அடைபட்ட குழாயைக் காலந்தாழ்த்தாது இனங்கண்டு அதனைச் செலுத்தத் தெரிந்தவரே இங்குத் தகுதியுடையவர். ஏற்றத் தெரிந்தும் இடர் நேரும்போது செய்வதறியாதவரை அவ்வாறு கொள்ளுதல் இயலாது.

ஊசியின் தூய்மையும் இத்தகுதியின் பாற்பட்டதே. நியூ மெக்சிக்கோவில் அனுமதியின்றி இயங்கி 2018ஆம் ஆண்டில் மூடப்பட்ட அழகு நிலையமொன்றிலே, ஒருவரின் குருதியிலிருந்து எடுத்த பகுதியை நுண்ணூசிகளால் அவரது முகத்தில் ஏற்றும் சிகிச்சை நடைபெற்றது. அங்குச் சென்றோர் சிலருக்கு எச்.ஐ.வி. தொற்றியமை பின்னர் கண்டறியப்பட்டது. பெயர் குறிக்கப்படாத குருதிக் குழாய்கள் உணவுப் பொருள்களோடு ஒரே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தமையும் விசாரணையில் வெளிப்பட்டது.

சட்டம் இவற்றின் பின்னரே நடந்து வந்துள்ளது. இங்கிலாந்திலே 2013ஆம் ஆண்டில் வெளியான சேர் புரூஸ் கியோ தலைமையிலான குழுவின் அறிக்கை, முகத்தில் நிரப்புபொருள் ஏற்றிக்கொள்பவருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு ஒரு பேனாவையோ பற்தூரிகையையோ வாங்குபவருக்கு உள்ளதினும் மேம்பட்டதன்று எனச் சுட்டியது. பதினெட்டு வயது நிறையாதோருக்கு அழகு நோக்கில் இவ்வூசிகளை ஏற்றுதல் அங்கு 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே குற்றமாக்கப்பட்டது. அனுமதிப்பத்திர முறையொன்றை வகுக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு வழங்கியது. அறிக்கைக்கும் இவ்வதிகாரத்துக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனின், தகுதி என்பது தனியொரு பட்டத்தில் அடங்குவதன்று என்பதேயாம். லொஸ் ஏஞ்சல்ஸின் இரகசியக் கலவை, ஏற்றப்படும் பொருள் யாது, அது அனுமதி பெற்றதா எனக் கேட்கக் கற்பித்தது. கேர்சுனியின் மெழுகு, அப்பொருள் எத்தனை ஆண்டுகள் சோதிக்கப்பட்டுள்ளது எனக் கேட்கக் கற்பித்தது. புளோரிடா நிகழ்ச்சி, சிகிச்சை அளிப்பவரின் பெயர் இன்றும் மருத்துவப் பதிவேட்டில் உள்ளதா எனப் பார்க்கக் கற்பித்தது. குருதிக் குழாய் அடைப்பும் தொற்றும், இடர் நேரின் அதனை எதிர்கொள்ளும் ஆற்றலும் தூய்மையும் அவ்விடத்தில் உண்டா என வினவக் கற்பித்தன. இவ்வினாக்களைப் பொறுமையோடு செவிமடுத்து மறைவின்றி விடை கூறுதலும், வேண்டாத சிகிச்சையை வேண்டாம் என்று கூறுதலும் தகுதியுடையவரின் இயல்பு.

முகத்திலே சுருக்கம் விழுதல் நோயன்று. எனவே அதனைப் போக்க விரும்புபவருக்கு அவசரம் எதுவுமில்லை. கேட்டறிவதற்கும் ஆராய்வதற்கும் போதிய காலம் உண்டு. மெழுகையும் சிலிக்கனையும் ஏற்றிக்கொண்டோர்க்கு இவ்வினாக்களை எவரும் கற்பித்திருக்கவில்லை. அவர்கள் உடலால் விலை கொடுத்துப் பெற்ற அறிவு இன்று எல்லோர்க்கும் உரியதாகியுள்ளது. அதனைப் பயன்படுத்தாது கைவிடுதல் அவர்கள் பட்ட துன்பத்தைப் பயனற்றதாக்கிவிடும்.