சிவப்புச் சில்லும் புறாக்களும்: ‘2.0’ படத்தில் நாயகனின் அறம்

ஷங்கரின் ‘2.0’ (2018) படத்துப் பட்சிராஜனை ‘நியாயமுள்ள வில்லன்’ என்று வாசிப்பது வழக்கமாகிவிட்டது. பறவைகளுக்காகப் போராடித் தோற்று, செல்போன் கோபுரத்தில் தூக்கிட்டுக்கொண்ட முதியவர் அவர்; இறந்தபின் ஆவியாக வந்து ஊரின் கைபேசிகளைப் பறித்துப் பழிவாங்குகிறார். நோக்கம் சரி, வழி தவறு. ஆகவே நாயகன் வென்றாக வேண்டும் என்பது அவ்வாசிப்பின் சாரம். அது வில்லனின் வழியை மட்டுமே எடை போடுகிறது. நாயகனின் வழியைத் தராசில் ஏற்றுவதே இல்லை.

இறுதிப் போரின் ஒரு காட்சியைப் பார்ப்போம். விளையாட்டரங்கில் விஞ்ஞானி வசீகரன் படைத்த எந்திர நாயகன் சிட்டியின் வலு குன்றும் வேளையில், அதன் பக்கமுள்ள குட்டி எந்திரங்கள் புறாக்களின் முதுகிலேறி வருகின்றன. பட்சிராஜனின் கை தயங்குகிறது. புறாக்களுக்குத் தீங்கு நேருமே என்ற பதைப்பில், தான் புகுந்திருந்த வசீகரனின் உடலைவிட்டு விலகுகிறார். அவருடைய தோல்வி அங்கேதான் தொடங்குகிறது. குட்டிகளின் குறும்புப் பேச்சு சிரிப்பூட்டுவதால், நடப்பது பணயம் பிடித்தல் என்பது கண்ணில் படுவதில்லை.

மூவரைக் குறிவைத்துக் கொன்றவரைக் குற்றமற்றவர் என நான் சொல்லவரவில்லை. ஆனால் அக்கணத்தில் பறவையின் உயிருக்கு மதிப்புத் தருபவர் அவர் ஒருவரே. அவரிடம் எஞ்சியிருந்த அறமே அவருக்கு எதிரான ஆயுதமாகிறது. அவர் முழுக் கொடியவராக இருந்திருந்தால் இந்த உத்தி பலித்திருக்காது.

‘எந்திரன்’ (2010) படத்தோடு ஒப்பிட்டால் இது தற்செயல் அல்ல என்று தோன்றுகிறது. அங்கே வில்லன் விஞ்ஞானி போரா பொருத்திய சிவப்புச் சில்லுதான் சிட்டியை அழிவுக்காரனாக்கியது. அதற்கான விலையாகத் தன்னைத் தானே கழற்றிக்கொண்டது சிட்டி. எட்டு ஆண்டுகள் கழித்து அதே சில்லை வசீகரனின் உதவியாளரான பெண் எந்திரம் நிலா பொருத்துகிறாள். இப்போது அது மீட்பின் கருவி. சில்லு மாறவில்லை, பொருத்தும் கைதான் மாறியது. எனவே இவ்விரு படங்களிலும் நாயகன், வில்லன் என்ற பிரிவினை செயலைப் பொறுத்தது அல்ல. அச்செயலுக்கு யாருடைய அனுமதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று பட்சிராஜன் முன்வைக்கும் அறிவியலே பிழை என்பார்கள். இருக்கலாம். சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொல்கிறது. ஆனால் அது கோபுரங்களைப் பற்றிய வழக்கு, புறாக்களைப் பற்றியதல்ல. முடிவில் வசீகரன் பட்சிராஜனின் நோக்கத்தை மதித்துப் பேசுகிறாரே என்றால், அதுவும் போதாது. அவர் நோக்கத்துக்கு மரியாதை செய்கிறார். தன் வழியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

நாயகனின் இந்த வழி ஏன் நம் கண்ணுக்குத் தப்பியது? ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு வருபவர், இறக்கை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தைக் கண்டதும் கைபேசியை எடுத்து நீட்டுகிறார். பறவைமீது அவருக்குள்ள அன்பு பொய்யல்ல. கைபேசியைக் கைவிடவும் அவரால் ஆகாது. நாமெல்லோரும் அவரே. நாயகன் மீட்டுத் தந்தது நம் கைபேசியை. பெற்றுக்கொண்டவர்கள் என்பதால்தான், அவன் எதைப் பணயம் வைத்தான் என்று நாம் கேட்கவில்லை.