பன்னிரண்டில் ஆறு: 1885இலிருந்து வாசிக்கத் தொடங்கிய கதை

இந்த வருசம் நாங்கள் எங்களுக்கே வைத்துக்கொண்ட வாசிப்புச் சவால் பன்னிரண்டு புத்தகம். மாதம் ஒன்று. கேட்க லேசாகத்தான் இருக்கும். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டோம்: எல்லாமே இலங்கைத் தமிழ் நாவல்களாக இருக்கவேண்டும், முதலாவதிலிருந்து தொடங்கி வெளிவந்த வருச ஒழுங்கில் வாசிக்கவேண்டும், பிடிக்கேல்லை எண்டு இடையில் விடக்கூடாது. ஓகஸ்ட் முடியப்போகுது, முடிந்தது ஆறு. கணக்குப்படி இரண்டு பின்னுக்கு நிற்கிறோம். ஆனால் அந்த ஆறையும் வரிசையாக வாசித்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கிய வரலாறு கொஞ்சம் ஆடத் தொடங்கியது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்டால் எங்கள் எல்லாருக்கும் வாயில் வருவது இரண்டு பெயர். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை. நியாயம்தான். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார், 1887இல் கலித்தொகையை. அவர் ஏட்டுச் சுவடிகளோடு போராடிக்கொண்டிருந்த அதே 1885இல்தான் எங்கட பட்டியலின் முதல் புத்தகமும் வருகிறது: 'அசன்பே சரித்திரம்'. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை. தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாகி அப்போது ஆறு வருசம்தான். 'கமலாம்பாள் சரித்திரம்' இன்னும் எழுதப்படவே இல்லை.

அசன்பே எகிப்தில் பெரிய குடும்பத்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளருகிற ஒருவனின் கதை. கண்டியில் இருந்த மனிசன் ஏன் எகிப்துக்குப் போனார் எண்டு முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. விடை கதைக்கு வெளியில் இருந்தது. ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்து தோற்ற எகிப்தியத் தளபதி உராபி பாஷா, 1883 ஜனவரியில் தன் தோழர்களோடு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்து இறங்கினார். அவர் திரும்பிப் போனது 1901இல். சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தவர். உராபி பாஷாவோடு நெருங்கிப் பழகியவர். முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டும் எண்டு அலைந்தவர். எகிப்து அவருக்குத் தூர தேசம் இல்லை, கொழும்புத் தெருவில் நடந்து திரிந்த மனிதர்கள். பே, பாஷா எண்டு வருகிற பட்டங்களெல்லாம் அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்டன.

இரண்டாவது 'ஊசோன் பாலந்தை கதை', 1891. திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதியது. ஐரோப்பாவில் பழைய காலத்திலிருந்தே சொல்லப்பட்டுவந்த இரட்டைச் சகோதரர் கதை ஒன்றின் தமிழ் வடிவம். ஒருவனைக் கரடி வளர்க்கிறது. வாசித்து முடிக்க மூன்று நாள். இது நாவலா, இல்லையா எண்டு சண்டை பிடிக்க மூன்று கிழமை. பின்னுக்கு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதும் திருகோணமலையார் எழுதியதுதான். தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி', 1895. தமிழின் முதல் வரலாற்று நாவல் எண்டு சொல்லப்படுவது. நாயக்கர் காலத்துக் கதை. இவர் சென்னையில் நூலகப் பணியில் இருந்தவர். இதற்கு முன்னரே, 1892இல், 'தத்தை விடு தூது' எண்டு ஒன்று எழுதியிருக்கிறார். தூது பழைய பாட்டு வகை. அதை எடுத்துப் பெண் விடுதலையைப் பேச வைத்தார். நாவலைவிட இந்தச் செய்திதான் எங்களில் கனபேரைப் பிடித்துக்கொண்டது. கல்கிக்கு முன்னம் வரலாற்று நாவல் எழுதிய ஒருவரை நாங்கள் இருபது வயது தாண்டித்தான் கேள்விப்பட்டோம்.

நாலாவதில்தான் யாழ்ப்பாணத்துக்கு வருகிறோம். 1914, 'நொறுங்குண்ட இருதயம்'. எழுதியவர் மங்களநாயகம் தம்பையா, ஒரு கிறிஸ்தவப் பெண். மணவாழ்க்கைக்குள் நொந்துபோகிற ஒருத்தியின் கதை. உபதேசம் கனக்க. ஆனால் குடும்ப மானம் எண்ட பெயரில் வீட்டுக்குள்ளே நடப்பதை 1914இல் ஒரு பெண் அச்சில் போட்டிருக்கிறா. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை.

கண்டி முஸ்லிம் ஒருவர், திருகோணமலையார் இரண்டு பேர், ஒரு கிறிஸ்தவப் பெண். எங்கள் பட்டியலின் முதல் நாலு இருக்கைகளில் இருப்பவர்கள் இவர்கள். யாழ்ப்பாணத்துச் சைவப் பண்டிதர் ஒருவரும் இல்லை. வசனம் எழுதத் தெரியாததால் அல்ல. பெரியபுராணத்தை 1852இலேயே வசனத்தில் தந்தவர் நாவலர். அந்த வசனம் சமயத்துக்கும் பாடப்புத்தகத்துக்கும் கண்டனத்துக்கும் போனது. கற்பனைக் கதைக்கு அங்கே மதிப்பில்லை. மதிப்பில்லாத வேலையைத் துணிந்து செய்யக்கூடியவர்கள், புலமை மேடையில் இடம் கிடைக்காத ஆக்கள்தான் எண்டு எங்களுக்குத் தோன்றுகிறது. இது எங்கட ஊகம், மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

இதைச் சும்மா இலக்கியப் புதினமாக விட்டுப்போக எங்களால் முடியவில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். அதற்குப் பிறகு பிறந்த நாங்கள், "தமிழ் இலக்கியம்", "முஸ்லிம் இலக்கியம்" எண்டு இரண்டு தட்டைப் பார்த்தே வளர்ந்தோம். அசன்பேயை இரண்டாவது தட்டில் வைத்துவிட்டு ஈழத்து நாவலின் வரலாற்றைத் தொடங்கினால், முதல் பக்கமே கிழிந்த புத்தகம்தான் கையில் இருக்கும்.

1914க்குப் பிறகு எங்கள் பட்டியல் ஐம்பது வருசம் பாய்கிறது. இடையில் நாவல் இல்லாமல் இல்லை. கன கதைகள் பத்திரிகைத் தொடராக வந்து, பத்திரிகையோடேயே போயின. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களையும் நினைத்துக்கொள்ளுங்கோ. 2005இல் நூலகம் திட்டம் தொடங்கி, ஆக்கள் பழைய தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணியிராவிட்டால் இந்தச் சவாலை நாங்கள் நினைத்தே இருக்கமாட்டோம்.

ஐந்தாவது கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964. ஆறாவது, அதே காலத்தில் மருத்துவர் நந்தி எழுதிய 'மலைக்கொழுந்து'. இரண்டும் தேயிலைத் தோட்டத்துக் கதைகள். 1964 ஒக்ரோபரில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு முடிவு. 1948இல் குடியுரிமை இல்லாமலாக்கப்பட்ட மக்களை இரண்டு அரசுகள் எண்ணிப் பிரித்த வருசம் அது. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பிக் கடல் கடந்து வந்தவர்களைக் கோகிலம் சுப்பையா பெயர் சொல்லி, முகம் காட்டி எழுதுகிறார். அந்தத் தொகைகளை நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். நாவலை ஒருத்தரும் கையில் தரேல்லை.

இப்போது ஏழாவது ஓடுது: கே. டானியலின் 'பஞ்சமர்', 1972. கோயிலும் தேநீர்க் கடையும் யாருக்குத் திறக்கும் எண்டு யாழ்ப்பாணத்தில் நடந்த போராட்டங்களுக்குள் நின்றவர் எழுதியது. அவர் 1986இல் தஞ்சாவூரில் காலமாகி, அங்கேயே அடக்கமானார். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி, மட்டை கழன்றது. ஆளுக்கு ஒரு கிழமை எண்டு மாறி மாறிப் போகுது. செப்டெம்பர் நடுப்பகுதிக்கு முன்னம் முடியாது.