சிராங்கூன் சாலையின் பி.ஜி.பி.: கடைக்காரர் கட்டிய கல்யாண மண்டபம்

சிங்கப்பூரில் இந்துத் திருமண அழைப்பிதழ்கள் பலவற்றில் ஓர் இடத்தின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அது பி.ஜி.பி. மண்டபம். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலைச் சேர்ந்தது. அங்கே தாலி கட்டிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் மணமேடை ஏறும் காலம் இது. அந்த எழுத்துகளுக்கு உரியவர் யார் என்று கேட்டால் இளையர்கள் பலர் விழிக்கிறார்கள்.

அவர் பி.கோவிந்தசாமி பிள்ளை. தஞ்சை மாவட்டம் மாயவரம் வட்டாரத்தில் 1887ல் பிறந்தவர். 1905ல், 18 வயதில், வீட்டை விட்டு ஓடிவந்து சிங்கப்பூரில் கரையேறினார். 1980ல் காலமானபோது அவருக்கு வயது 93.

அவர் வந்திறங்கிய சிங்கப்பூரில் தமிழர்கள் இருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் குறைவு. மலாயாத் தோட்டங்களிலாவது லயத்து வீடுகளில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வாழ்ந்தவர்கள் இருந்தனர். நகரத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். கடையின் மேல்மாடியிலோ வேலையிடத்திலோ பாய் விரித்துப் படுத்து, மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். சிராங்கூன் சாலை அப்போது மாட்டு வியாபாரத்துக்கும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் பேர்போன இடம். பெரியவர்கள் அந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்களில் அந்த எருமைகள் இன்னும் இருக்கின்றன.

இளைஞர் கோவிந்தசாமி ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் கிடையாது. சாப்பாடும் தங்க இடமும்தான் கூலி. பிறகு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது முதலாளி இறந்துவிட்டார், கடை விற்பனைக்கு வந்திருந்தது. செட்டியார் ஒருவரிடம் 2,000 வெள்ளி கடன் வாங்கி, தான் வேலை செய்த கடையையே அவர் விலைக்கு வாங்கினார்.

அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்பதைத் தோட்டத்துக் கணக்கில் பார்த்தால் புரியும். 1920களின் கடைசியில்கூட ரப்பர் தோட்டத்தில் ஓர் ஆணின் நாட்கூலி 50 காசு அளவில்தான் இருந்தது. அந்தக் கூலியில் 2,000 வெள்ளி என்பது 4,000 நாள் உழைப்பு. சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஒருவரை நம்பி அவ்வளவு பணத்தைக் கொடுத்த செட்டியாரின் துணிவையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வட்டிக்கடை என்றாலே முகம் சுளிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் அந்நாளில் வங்கிப் படியேற முடியாத தமிழருக்கு முதல் போட்டது அந்தக் கிட்டங்கிகள்தான்.

மளிகையில் தொடங்கிய வியாபாரம் துணிமணிக்கு விரிந்தது. சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் பி.ஜி.பி. என்ற பெயர்ப்பலகை ஏறியது. மாவு மில், மசாலை மில் என்று தொழில் வளர்ந்தது. இந்திய வர்த்தகச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் அவரும் ஒருவர். ஜே.பி. பட்டமும் அவருக்குக் கிடைத்தது. இவை எல்லாப் பெரிய வணிகர்களின் வரலாற்றிலும் வருபவை.

கவனிக்க வேண்டியது அவர் விற்ற சரக்கை. தனியாளாய் வாழும் ஆணுக்கு வேட்டி போதும். அவர் சேலை விற்றார். சாப்பாட்டுக் கடையில் உண்பவருக்கு மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தேவையில்லை. அவர் மசாலை அரைத்தார். மனைவிமாரும் பிள்ளைகளும் கடல் கடந்து வந்து, இங்கேயே வீடு, சமையற்கட்டு, நல்லநாள் பெருநாள் என்று வாழ்க்கை அமைந்தபோது, அதற்கு வேண்டியதெல்லாம் அவர் கடைகளில் இருந்தன. வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பையன், குடும்பங்களை நம்பி வியாபாரம் செய்து பெரியவரானார்.

ஈட்டியதில் பெரும்பங்கு பெருமாளுக்குப் போனது. ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் 1855ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் நிலம் வாங்கி எழுப்பிய இக்கோயிலுக்கு முதலில் நரசிங்கப் பெருமாள் கோயில் என்றே பெயர். 1950களில் தொடங்கிய திருப்பணிகளில் பி.ஜி.பி.யின் கொடை முக்கியமானது. 1966ல் குடமுழுக்கு நடந்து, இப்போதைய பெயரும் வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கல்யாண மண்டபம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் யாங் டி பெர்துவான் நெகாரா யூசோஃப் இஸ்ஹாக். சிங்கப்பூர் தனி நாடானதும் முதல் அதிபரானவர். மண்டபம் வந்த காலத்தைப் பாருங்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ல் தொடங்கி, கம்பத்துக் குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபோய்க்கொண்டிருந்தன. கம்பத்தில் வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, அண்டாவில் சமைத்துக் கல்யாணத்தை முடித்துவிடலாம். ஏழாவது மாடியில் எங்கே பந்தல் போடுவது? சுவாமி சந்நிதியை ஒட்டி, உறவும் நட்பும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் அப்போது பெரிய தேவை. அவர் கொடுத்தவற்றுள் அதிகப் பேருக்குப் பயன்பட்டது இந்த மண்டபமே என்று சொல்லலாம்.

அவருடைய பக்தி பெருமாள் கோயிலோடு நிற்கவில்லை. 1928 முதல் சிங்கப்பூரில் இயங்கும் ராமகிருஷ்ண மிஷனுக்கும் நன்கொடை வழங்கினார். போருக்குப் பின் ஆதரவற்ற பிள்ளைகளை இல்லம் அமைத்து வளர்த்த அமைப்பு அது.

1978ல் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, ஐந்து நிலை ராஜகோபுரம் அவருடைய பொருளுதவியில் எழுந்தது. அவதாரங்களைச் சுதைச் சிற்பங்களாகத் தாங்கி நிற்கும் அந்தக் கோபுரம், சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால்தான் முழுதாகக் கண்ணில் அடங்கும். அப்போது அவர் 92 வயது முதியவர். பிள்ளை வயதில் கால்வைத்த அதே சாலையில் கோபுரம் உயர்ந்ததைக் கண்ட மறு ஆண்டு அவர் மறைந்தார்.

பி.ஜி.பி. கடைகள் இன்று இல்லை. ஒரு காலத்தில் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வந்து முகூர்த்தப் புடவை எடுத்தவர்கள், இப்போது அதே வட்டாரத்தில் வேறு கடைகளுக்குப் போகிறார்கள்.

தைப்பூசத்தன்று பால்குடமும் காவடியும் புறப்படுவது இந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை அவை நடந்து போகின்றன. முருகனைத் திருமாலின் மருமகன் என்று சொல்வது நம் வழக்கம். அந்தக் கணக்கில் மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குச் சீர் போகிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் கோயிலில் கூட்டம் நெரியும். அந்நாள்களில் குடும்பத்தோடு வருபவர்கள் கோபுரத்தைக் கும்பிடும்போது, அதைக் கட்டித் தந்தவரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மண்டபத்தில் அவருடைய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன.