அலிபிரிச் சாலையும் தனிமை அறையும்

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு அலிபிரிதான் தொடக்கம். அங்கிருந்து 3,550 படிகள். ‘அடிப்புளி’ என்ற தமிழ்ச் சொல்லே மருவி அலிபிரி ஆயிற்று என்று பெரியவங்க சொல்லுவாங்க. மலையடிவாரத்தில் திருமலை நம்பி, இராமானுசருக்கு ஓராண்டு காலம் இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது வைணவ மரபு. அந்தப் புளியமரத்தை வைத்துத்தான் பெயர் வந்ததாம்.

அந்த வாசல் 2020 மார்ச் 20 முதல் அடைபட்டது. சுவாமிக்கு நித்திய பூசை நடந்தது; தரிசனம் மட்டும் இல்லை. ஜூன் 11ஆம் தேதிதான் பொதுமக்களை மறுபடி விட்டார்கள். மேலே இப்படியென்றால், கீழே அலிபிரிச் சாலையில் வேறு காட்சி. ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இந்தச் சாலையில்தான் உள்ளன. ஸ்விம்ஸைச் சேர்ந்த பத்மாவதி மருத்துவமனை கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. யாத்திரிகர் தங்கும் சீனிவாசம், விஷ்ணு நிவாசம், மாதவம் ஆகிய விடுதிகள் நோயாளிகளைத் தனிமையில் வைக்கும் இடங்களாயின. அப்போது இது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம்.

நோயாளியைத் தனியே வைப்பது எங்கிருந்து வந்த வழக்கம்? நம்மவருக்கு அதில் என்ன பங்கு? இதைக் கொஞ்சம் பார்ப்போம்.

வணிகர் ஊரில் பிறந்த விதி

கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருகிறவர்கள் 30 நாள் ஊருக்கு வெளியே காத்திருக்க வேண்டுமென்று 1377இல் ரகூசா என்னும் துறைமுக நகரம் விதி செய்தது. இன்றைய குரோவேசியாவில் உள்ள துப்ரோவ்னிக்தான் அது. பிறகு வெனிஸ்காரர்கள் அதை 40 நாள் ஆக்கினார்கள். ‘குவாரன்டைன்’ என்ற சொல்லே நாற்பதிலிருந்து வந்ததுதான். இரண்டுமே வியாபார நகரங்கள். துறைமுகத்தை அடியோடு மூடினால் பிழைப்பு போகும். திறந்துவிட்டால் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவில் கண்ட வழி இது.

நம் முன்னோர்க்கும் இது புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். மலேயா போனவர்கள் பினாங்கு அருகே ஜெரெஜாக் தீவில் காத்துக் கிடந்தார்கள். அயலூர்த் தமிழர் பலருடைய குடும்பக் கதையில் இந்தக் காத்திருப்பு ஒரு பக்கமாவது இருக்கும்.

பயந்தவர்கள் மறைத்தார்கள்

1897இல் பிளேக் நோய்க்காகத் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். நோயாளிகளை இழுத்துப்போய் முகாமில் அடைத்தார்கள். சனங்கள் என்ன செய்தார்கள்? நோயாளியை ஒளித்துவைத்தார்கள். ஆத்திரம் முற்றி, அவ்வாண்டு ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். அச்சத்தைக் கொண்டு நடத்திய தனிமை நோயைக் கட்டவில்லை. அதை உள்ளறைக்குள் பதுக்கிவிட்டது.

மறுபக்கம், அதே பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகே 1915இல் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனை தொடங்கியது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் பிரிமோட் மோலர் அதை நடத்தினார். நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு என்று மாதக்கணக்கில் நோயாளிகளைத் தங்கவைத்தார்கள். இங்கேயும் பிரிவுதான். ஆனால் கவனிப்பு இருந்ததால் நோயாளிகள் தாங்களே தேடி வந்தார்கள்.

பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மறு பிரிவுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று அதிகமாகவில்லை. 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. மருந்து கிடைத்தபின் காசநோயாளியை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது நம் சென்னைதான்.

கொரோனாவில் கண்டது

கொரோனா வேறு வகை. சில நாளிலேயே மூச்சைப் பிடித்துவிடும். நெல்லூர் மாவட்டத்துக்காரரான பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்டு 5 அன்று சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தார். வீட்டிலேயே இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும், வீட்டார் தம்மைத் தனியே விடமாட்டார்கள் என்பதால் வந்துவிட்டதாக அவரே தெரிவித்தார். அன்புக்குப் பயந்து ஒதுங்கினார் எனலாம். செப்டம்பர் 25 அன்று மறைந்தார்.

நானும் அந்த ஆண்டு சில நாள் தனி அறையில் இருந்தவன்தான். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது எங்கள் சமண வழக்கம். அதைச் சொன்னதும் ஒரு தெலுங்கு ஊழியர் தினமும் வெயில் இருக்கும்போதே சாப்பாட்டை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போவார். முகக்கவசம் போட்ட முகம், பெயர்கூடத் தெரியாது. மருந்தோடு அந்தத் தட்டல் சத்தமும் எனக்குப் பலம் கொடுத்தது.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2021 மே 10 இரவு ரூயாவில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டிய டேங்கர் தாமதமாயிற்று. அன்றைய அரசு அறிவிப்பின்படி 11 பேர் இறந்தார்கள். நோயாளியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு, உள்ளே மூச்சுக் காற்று குறையாமல் பார்க்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நான்கு தானங்களைச் சமண நூல்கள் சொல்லும். அடைக்கலம் என்பது ‘அஞ்சாதே’ என்று சொல்லும் அபயதானம். தனிமை அறைக்கு முதல் இரண்டை அரசும் மருத்துவமனையும் தரலாம். நான்காவதை நாமும் தர வேண்டும். அயல்மாநிலத்தில் தெலுங்கோ கன்னடமோ தெரியாத நம் வீட்டுப் பெரியவர் தனி வார்டில் படுத்தால், ‘நெஞ்சை அடைக்குது’ என்பதை யாரிடம் சொல்வார்? ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் இரண்டு மொழியும் பேசும் நாலு பேருடைய தொலைபேசி எண்களை எழுதி, உறுப்பினர் வீடுதோறும் கொடுத்து வைக்கட்டும். பெரியவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரை ஒரு தாளில் இரு மொழியிலும் எழுதி அவர்கள் பையில் வைக்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த மலர் கைக்கு வந்த வாரத்திலேயே தொடங்கலாம்.