ரண சிகிச்சை நிபுணரின் பாலினமும் வயதும்

கத்தியைக் கையிலெடுக்கும் வைத்தியர் ஆணா பெண்ணா, இளைஞரா முதியவரா என்பது நோயாளியின் க்ஷேமத்தைப் பாதிக்குமா என்னும் விசாரம் மிகப் பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்திய நூல் இயற்றிய செல்ஸஸ், ரண வைத்தியன் இளைஞனாகவும், நடுங்காத கரமும் கூரிய பார்வையும் இடக்கையையும் வலக்கைபோல் வழங்கும் திறனும் உடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்று லக்ஷணம் வகுத்தார். மயக்க மருந்து அறியப்படாத அந்நாட்களில், நாலைந்து பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்திருக்க, அலறலுக்குக் கலங்காமல் சில நிமிஷங்களில் காலை அறுத்தெடுத்துவிடும் வேகமே கருணையாக இருந்தபடியால், அந்த லக்ஷணம் அக்காலத்துக்குப் பொருந்தியதே. 1846 டிசம்பரில் லண்டனில் ராபர்ட் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒருவரின் காலைத் தொடையளவில் அறுத்தெடுத்தபோது, தேகபலத்துக்கும் வேகத்துக்கும் இருந்த பிரதானம் குறையத் தொடங்கிற்று.

ஆயினும் ஸ்திரீகளுக்குக் கதவு திறக்கவில்லை. 1826இல் கேப் டவுனில் தாயும் சேயும் பிழைக்கும்படி வயிற்றைக் கீறிப் பிரசவம் பார்த்த ராணுவ வைத்தியர் ஜேம்ஸ் பாரி, ஆணுடையில் வாழ்ந்த பெண் என்பது 1865இல் அவர் மரித்த பின்பே வெளியாயிற்று. இங்கிலாந்தின் ராயல் ரண வைத்தியக் கல்லூரி எலினார் டேவிஸ்-காலி என்னும் பெண்மணியை அங்கத்தினராக ஏற்றது 1911இல்தான்.

இவ்விஷயத்தில் சென்னைக்கும் கௌரவமான இடம் உண்டு. ஆண் வைத்தியரிடம் செல்ல நாணிப் பிரசவ வேதனையில் மடிந்த பெண்களைக் கண்டு மனம் நொந்த மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் லண்டனிலும் பயின்று திரும்பி, 1885இல் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். இன்றும் திருவல்லிக்கேணிவாசிகள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்குகிறார்கள். பெண்களாலும் ஆடவருக்கு ரண சிகிச்சை செய்ய இயலும் என்பதை ஐயமற நிலைநாட்டியது, முதல் உலக யுத்தத்தில் லண்டன் எண்டெல் தெருவில் பெண்களே நடத்திய ராணுவ ஆஸ்பத்திரி. அதுவரையில் பெண்களையும் குழந்தைகளையுமே கவனித்து வந்த அவர்கள், 1915 முதல் 1919 வரை 7,000க்கு மேற்பட்ட ரண சிகிச்சைகளைச் செய்தார்கள். பிஸ்மத், அயோடோபார்ம், பாரபின் மூன்றையும் குழைத்த களிம்பைப் புண்ணில் இட்டு, தினந்தோறும் கட்டுப் பிரிக்கும் வேதனையிலிருந்து சிப்பாய்களை விடுவித்தார்கள்.

முதுமையின் அபாயத்துக்குப் பெர்லின் ஸாவர்புருக் ஒரு துயரமான உதாரணம். மார்பைத் திறந்து செய்யும் சிகிச்சைக்கு வழிகாட்டிய அந்த மேதை, ஞாபகமும் நிதானமும் தளர்ந்த பின்னும் கத்தியைக் கீழே வைக்க மறுத்தார். உடனிருந்தோர் அவருடைய கீர்த்திக்கு அஞ்சி மௌனம் காத்தனர். 1949இல் பதவியிலிருந்து விலக்கப்பட்ட பின்னரும் வீட்டில் வைத்தே சிலருக்குச் சிகிச்சை செய்தார். எனினும் ஒருவரைக் கொண்டு யாவரையும் அளத்தல் தகாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கணையம் போன்ற சில கடினமான சிகிச்சைகளில் மட்டுமே அறுபது கடந்தோரிடம் மரணம் மிகுந்திருந்தது. அதுவும் பெரும்பாலும் அச்சிகிச்சையை அரிதாகச் செய்வோரிடத்தில். ஆகவே வயதைவிடக் கைப்பழக்கமே பிரதானமாகும்.

தற்காலத்தில், அமெரிக்க முதியோர் சுமார் 9 லக்ஷம் பேரை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, நாற்பதுக்குட்பட்ட நிபுணர்களிடம் நூற்றுக்கு 6.6 ஆக இருந்த மரணம் அறுபது கடந்தோரிடம் 6.3 ஆகக் குறைந்திருந்ததையும், ஐம்பதுகளிலிருந்த பெண் நிபுணர்களிடம் அது யாவரினும் குறைவாக இருந்ததையும் கண்டது.