இரண்டு மாளிகைகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். எனக்கு வாய்த்த இராஜபாளையத்து நண்பர்கள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவர்கள் அல்லர்.

பதினோரு நிலைக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாயிற்று. ஆண்டாள் அவதரித்த நந்தவனத்தையும் தொழுதாயிற்று. அவள் சூடிக் களைந்த மாலை இன்றும் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது. அடுத்தபடியாக, 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனை. பருத்த தூண்களும் வளைவுகளும் நிற்கின்றன. வாழ்ந்தவர்களின் அரவந்தான் இல்லை.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இராஜபாளையம். தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்த ஊர். காந்தி கலை மன்றத்தின் வாசலில் நண்பர் நின்றார்.

"இது பி. எஸ். குமாரசாமி ராஜா வீடு, சார். ஊருக்கே கொடுத்துட்டார்."

1949-இல் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். 1950-இல் மாகாணம் ராஜ்யமானபோதும் அவரே முதலமைச்சர். 1952 தேர்தலில் தோற்றார். 1954-இல் ஒரிஸ்ஸாவுக்குக் கவர்னரானார். 1957-இல் காலமானார்.

நாயக்கர் மாளிகையை யாரும் ஊருக்குக் கொடுக்கவில்லை. வம்சம் போயிற்று, காலம் எடுத்துக்கொண்டது. மூன்றே ஆண்டுகள் முதலமைச்சராயிருந்தவரோ, காலம் கேட்பதற்கு முன்பே தம் கையால் கொடுத்துவிட்டார். அரண்மனையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். மன்றத்துக்குள் உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்குள் நுழைவது போலவே நுழைகிறார்கள்.