மனிதன் ஏன் ஏமாற்றுகிறான்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். மனிதன் ஏன் ஏமாற்றுகிறான் என்பதற்கு ஒரு கருத்தரங்கா? கைப்பேசியை எடுத்தால் போதும். "வங்கியிலிருந்து பேசுகிறோம்", "போலீசிலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு குரல் வருகிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நம் அரசாங்கம் இதற்காகவே ஒரு மையத்தைத் தொடங்கி, 997 என்ற எண்ணையும் கொடுத்தது. நிலைமை அந்த அளவுக்கு முற்றிவிட்டது.

ஆனால், நான் கேட்க வந்த கேள்வி வேறு. ஏமாற்றுவது நம் பிறவிக் குணமா? அப்படியானால் இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு மனித குலம் இன்னும் எத்தனை காலம் தாக்குப் பிடிக்கும்? விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாம் வாழும் இந்தத் தீவின் பிறப்பிலேயே ஒரு ஏமாற்று இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

ஒரு கடிதமும் ஒரு மௌனமும்

1785-ஆம் ஆண்டு. கெடா சுல்தான் அப்துல்லா முகாரம் ஷா, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பினாங்குத் தீவைத் தருகிறேன். எதிரிகள் வந்தால் எனக்குப் படையுதவி செய்ய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வடக்கே சயாம் அவரை மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கடிதத்தைக் கல்கத்தாவுக்கு எடுத்துச் சென்றவர் கேப்டன் பிரான்சிஸ் லைட். கம்பெனி தீவை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. படையுதவிக்கு மட்டும் உறுதி கொடுக்கவில்லை. லைட் திரும்பி வந்தார். இதைச் சுல்தானிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கொடியை ஏற்றி, தீவுக்கு வேல்ஸ் இளவரசரின் பெயரைச் சூட்டினார்.

லைட் சொன்ன பொய் என்ன என்று தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே லைட், சுல்தானுக்கு உதவி செய்யுங்கள் என்று கல்கத்தாவை மீண்டும் மீண்டும் கேட்டு எழுதினார். "எப்படியும் சம்மதித்துவிடுவார்கள்" என்று அவரே நம்பியிருக்கலாம். பிறரை ஏமாற்றுகிறவர்களில் பலர் முதலில் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

உதவி வரவில்லை. பொறுமை இழந்த சுல்தான் பிறையில் படை திரட்டினார். 1791-இல் லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அதன்பின் கையெழுத்தான உடன்படிக்கையில் சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று இருந்தது. பாதுகாப்புப் பற்றி ஒரு சொல் இல்லை. 1800-இல் எதிர்க்கரையான செபராங் பிறையும் கைமாறியது. தொகை 10,000 ஆனது. 1821-இல் சுல்தான் எதற்குப் பயந்தாரோ அது நடந்தது. சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுடின் பினாங்குக்குத் தப்பி வந்தார். கம்பெனி கைகட்டி நின்றது.

கோர்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் போகிறவர்கள் லைட்டின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய படம் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் வடித்தார்கள் என்பார்கள். சிலையின் முகம்கூட அவருடையது இல்லை போலும்!

குருவியும் வௌவாலும்

லைட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை. ஏமாற்று என்பது மனிதன் தோன்றுவதற்கு முன்பே இருந்தது.

நம் ஊர் மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவியைத் தெரியும்தானே? அதன் உறவினம் ஒன்று ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வாழ்கிறது. கழுகு வருகிறது என்று பொய்யாகக் கத்தும். மற்ற விலங்குகள் இரையைப் போட்டுவிட்டு ஓடும். குருவி எடுத்துத் தின்னும். ஒரே குரலுக்கு அவை ஏமாறாமல் போனால் குரலை மாற்றிக் கத்தும். குரங்கினங்களில் 18 வகைகளை ஒப்பிட்டு 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூளையின் மேற்பகுதி பெரிதாக உள்ள இனங்களே அதிகம் ஏமாற்றுகின்றன என்று காட்டியது. மூளை வளர வளரத் தந்திரமும் வளர்ந்திருக்கிறது.

ஆனால், இயற்கை நமக்குக் கொடுத்தது இது மட்டுமல்ல. இரத்தம் குடிக்கும் வௌவால்களை ஜெரால்டு வில்கின்சன் என்ற அறிஞர் ஆராய்ந்து 1984-இல் எழுதினார். பசியோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த வௌவால் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கிறது. முன்பு தனக்குக் கொடுத்தது யார் என்பது அதற்கு நினைவிருக்கிறது. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. இந்தக் கொடுக்கல் வாங்கலை 1971-லேயே ராபர்ட் டிரிவர்ஸ் விளக்கியிருந்தார்.

1980-வாக்கில் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணினியில் ஒரு போட்டி வைத்தார். ஒத்துழைப்பதா, ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்ய வேண்டும். முதல் போட்டியில் 14 திட்டங்கள் வந்தன. வென்றது மிக எளிமையான திட்டம்: முதலில் நல்லவனாக இரு, பிறகு, எதிராளி என்ன செய்தானோ அதையே நீயும் செய். ஆனால், இது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவரும் மறுபடியும் சந்திக்க வேண்டும். நாளை இவன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் இல்லாத இடத்தில் ஏமாற்றே இலாபம்.

இதுதான் இன்றைய என் பேச்சின் சாரம். ஏமாறியவன் திரும்பி வந்து கேட்க முடியாத இடத்தில்தான் ஏமாற்று கொழுக்கிறது. சுல்தானுக்கு உதவி இல்லை என்று முடிவு செய்தவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள். அவர்கள் ஒரு நாளும் சுல்தானின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சஞ்சிக் கூலி

நம் கதைக்கு வருவோம். 1830-களிலிருந்து பினாங்கு, செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்களை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் அதைச் 'சஞ்சிக் கூலி' என்பார்கள். மலாய் மொழியில் 'ஜாஞ்சி' என்றால் வாக்குறுதி. வாக்குறுதியின் பெயரால் நடந்த முறை!

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது மூன்று ஆண்டு என்றார்கள். கப்பல் செலவும் முன்பணமும் கடனாக ஏறின. கடன் தீராவிட்டால் மூன்று ஆண்டு நீண்டது. தொழிலாளி வாக்கை மீறினால் சிறை. ஆசை காட்டி ஆள் பிடித்த முகவர் மீறினால்? அவர் நாகப்பட்டினத்திலேயே இருந்தார். ஏமாந்தவர் கடலுக்கு இந்தப் பக்கம். இருவரும் மறுபடியும் சந்திக்கப் போவதே இல்லை.

பிறகு கங்காணி முறை வந்தது. கங்காணி சொந்த ஊருக்குப் போய் உறவுக்காரர்களையே அழைத்து வந்தார். அதே தோட்டத்தில்தான் வாழ்ந்தார். முகம் தெரிந்தவர்தானே, ஏமாற்று நின்றதா? குறைந்தது, நிற்கவில்லை. ஒவ்வோர் ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்குக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் சீட்டும் அவர் கையில், துரையின் காதும் அவர் பக்கம். முகம் தெரிந்தால் மட்டும் போதாது. எதிர்த்துக் கேட்கும் பலமும் வேண்டும். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதையே நிறுத்தியது. யாருடைய மனமும் திடீரென்று மாறிவிடவில்லை. கேள்வி கேட்கும் ஆட்களும், எழுதும் பத்திரிகைகளும், சட்டமும் வந்தன. அதனால் மாறியது.

கிட்டங்கியில் ஒரு துண்டுத் தாள்

அதே காலத்தில், அதே தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னொரு கூட்டத்தாரைப் பாருங்கள். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார், ஒரு துண்டுத் தாளில் உண்டியல் எழுதிக் கொடுத்தால் கடல் கடந்து இன்னோர் ஊரில் பணம் கிடைத்தது. காவலுக்குப் போலீஸ் இல்லை. எப்படி நடந்தது?

ஏமாற்றினால் செய்தி ஊருக்குப் போய்விடும். ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்தான் எல்லோரும். கோயிலில் மரியாதை போகும், பிள்ளைக்குப் பெண் கிடைக்காது, அடுத்த முறை மேலாளாக யாரும் அனுப்பமாட்டார்கள். அதோடு, ஒரு சல்லி விடாமல் எழுதிய கணக்குப் பேரேடு. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த கடன்காரர்கள் வட்டிக் கொடுமை என்று புலம்பியதும் உண்மை. வட்டத்துக்குள் நாணயம், வெளியே கறார். மனிதர் ஒருவரே, எதிரில் நிற்பவர் யார் என்பதுதான் மாறுகிறது.

தொலைந்துபோன பணப்பை

அப்படியானால் யாரும் பார்க்காத இடத்தில் எல்லோரும் திருடர்கள்தானா? இல்லை. 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பணப்பைகளைக் 'கண்டெடுத்ததாக' வங்கி, தபால் நிலையம், ஹோட்டல் முகப்புகளில் கொடுத்தார்கள். உரியவருக்குத் தகவல் வருகிறதா என்று பார்த்தார்கள். பணமில்லாத பைகளில் 40 விழுக்காட்டுக்குத் தகவல் வந்தது. பணமுள்ள பைகளில் 51 விழுக்காடு. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பணம் இருந்தபோதுதான் திருப்பிக் கொடுக்க அதிகம் பேர் முன்வந்தார்கள். தன் கண்ணுக்கே தான் திருடனாகத் தெரிவதை மனிதன் விரும்புவதில்லை. மனசாட்சியும் நமக்குள் இருக்கிறது.

ஆனால், மனசாட்சியை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. படிவத்தின் மேற்பகுதியில் கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மையாக எழுதுவார்கள் என்று 2012-இல் ஓர் ஆய்வு புகழ்பெற்றது. அதிலிருந்த தரவுகள் புனையப்பட்டவை என்று பிறகு தெரிந்து, 2021-இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நாணயத்தைப் பற்றிய ஆய்விலேயே நாணயம் இல்லை! ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்களும் ஆய்வாளர்களே. தரவுகள் திறந்து வைக்கப்பட்டதால் பிடிபட்டது. பேரேட்டைத் திறந்து வைத்தால் பொய் நெடுநாள் நிற்காது.

கேட்க முடியாதவர்கள்

இப்போது எதிர்காலம். திரும்பி வந்து கேட்கவே முடியாத ஒரு கூட்டம் உண்டு. இன்னும் பிறக்காதவர்கள்.

பேராக், புக்கிட் மேராவில் 1982-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அவ்வூர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவு புக்கிட் கிளேடாங்கில் புதைக்கப்பட்டது. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். புக்கிட் மேரா மக்களால் நீதிமன்றம் ஏற முடிந்தது. ஆயிரம் ஆண்டு கழித்து அங்கே வாழப்போகிறவர்கள் யார்மீது வழக்குப் போடுவார்கள்?

நம் சுங்கை பினாங் ஆற்றையே பாருங்கள். அதில் வந்து கலக்கும் சுங்கை ஆயர் தெர்ஜூன், நீர்வீழ்ச்சியிலிருந்து தெளிந்து வருகிறது. ஒரு காலத்தில் இந்த நகரம் குடித்த தண்ணீர் அந்த நீர்வீழ்ச்சியுடையது. கடலுக்கு வந்து சேர்வதற்குள் ஆறு என்ன நிறமானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் மிக அசுத்தமான ஆறுகளில் ஒன்று என்று பல்லாண்டு பெயர் எடுத்தது. இதில் வில்லன் என்று ஒருவர் இல்லை. "நான் போடும் ஒரு பை குப்பையால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று ஆயிரக்கணக்கானோர் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்ட சிறு பொய்கள்தான். கேப்டன் லைட் சொல்லிக்கொண்டதைப் போல.

நம் குணத்தை மாற்றப் பரிணாமத்துக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அத்தனை அவகாசம் நமக்கு இல்லை. ஆனால், குணம் மாறாமலேயே நகரத்தார் உண்டியல் செல்லுபடியானது. சஞ்சி முறை ஒழிந்தது. கணக்கைத் திறந்து வைத்தார்கள், கேள்வி கேட்க வழி செய்தார்கள், நடந்தது. நாளை பிறப்பவர்களுக்கு வாய் இல்லை. அவர்கள் சார்பில் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. நகராண்மைக் கழகக் கூட்டத்தில், தொழிற்சாலை வாசலில், தேர்தல் மேடைக்கு முன்னால், ஏன், எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்களிடமும் கேளுங்கள்: "இதன் செலவை யார் தலையில் கட்டப் போகிறீர்கள்?"

பதில் சொல்லத் தயங்குகிறார்களா? அப்படியானால் அந்தக் கணக்கு, இன்னும் பிறக்காத உங்கள் பேரப்பிள்ளைகளின் பெயரில் எழுதப்படுகிறது என்று பொருள்.